கிரேடிங்குக்கு, அதாவது வீடியோவின் நிறத் திருத்தத்துக்கு, எது: எச்.264-ஆ, புரோரெஸ் 422 எச்கியூ-வா? இரண்டும் வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறைகள்.

நிற ஆழம்: கேமராக்கள் தரும் எச்.264 பெரும்பாலும் 8 பிட். சேனலுக்கு 256 படிகள். புரோரெஸில் 10 பிட், 1024 படிகள். லாக்கில் (கான்ட்ராஸ்ட் குறைவாகப் பதிவாகும் முறை) எடுத்த வானத்தில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பாருங்கள், 8 பிட்டில் நீலம் பட்டை பட்டையாகப் பிரியும். அதற்கப்புறம் எத்தனை நோடு (நிறத் திருத்தப் படி) போட்டாலும் சரியாகாது.

இடம்: 1080பி, 25 ஃபிரேமில் ஒரு மணி நேரக் காட்சிக்குப் புரோரெஸ் சுமார் 83 ஜிபி விழுங்கும். எச்.264-க்கு அதில் சிறு பங்கு போதும்.

ஓட்டம்: எச்.264-இல் பொதுவாக ஒரு ஃபிரேமைக் காட்ட அக்கம்பக்கத்து ஃபிரேம்களையும் பிரித்தாக வேண்டும். டைம்லைன் திக்கித் திணறும். புரோரெஸில் ஒவ்வொரு ஃபிரேமும் தனி.

எச்.264-ஐப் புரோரெஸாக மாற்றினால் ஓட்டம் சீராகும். இழந்த நிறம் திரும்பாது. பலர் ஏமாறும் இடம் இதுதான்.

அழுத்தமான கிரேடு என்றால் ஷூட்டிலேயே புரோரெஸ். லேசான திருத்தம், உடனே அப்லோடு என்றால் எச்.264 தாராளம்.