மூன்று வருடம், மூன்று வகை பல்பு: ஊட்டி கம்பளிக் கடையிலிருந்து

ஊட்டி கமர்ஷியல் ரோட்டை ஒட்டின சந்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கடை. ஸ்வெட்டர், மஃப்ளர், பின்னுவதற்கான நூல்கண்டு, கொஞ்சம் தோடர் எம்பிராய்டரி சால்வை. ஜன்னல் கிடையாது, அதனால் பகலிலும் பல்புதான்.

முதலில் இருந்தது 6500 கெல்வின் வெள்ளை எல்இடி டியூப். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், கூடினால் நீலம் தட்டும், குறைந்தால் மஞ்சள். விலை குறைவு, பளிச்சென்று இருக்கும், குறையே தெரியவில்லை. கேத்தியிலிருந்து ஒரு அக்கா பாதி பின்னின ஸ்வெட்டரோடு வந்து, அதே மெரூனில் நூல் கேட்டார். டியூபுக்குக் கீழே வைத்துப் பார்த்தோம், அச்சு அசல் ஒன்றேதான். பத்து நாள் கழித்து வந்து என்னை ரோட்டுக்கு இழுத்துப்போய் வெயிலில் விரித்துக் காட்டினார். உடம்பு மெரூன், கை இரண்டும் காப்பிக்கொட்டை நிறம். "இது ரெண்டும் ஒரே கலராண்ணா?" பதில் சொல்ல வாய் வரவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு நூலிலும் ஏறியிருப்பது வேறு வேறு சாயம். ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் எதை விழுங்குகிறது, எதைத் திருப்பி அனுப்புகிறது என்பது வேறு. என் டியூபில் சிவப்பு ரொம்பக் கம்மி, அதனால் அந்த வித்தியாசம் வெளியே வரவே வழியில்லை. வெயிலில் எல்லா நிறமும் இருப்பதால் குட்டு உடைந்துவிட்டது.

சரி என்று 2700 கெல்வின் மஞ்சள் பல்புக்கு மாறினேன். டூரிஸ்டுகளுக்கு ரொம்பப் பிடித்தது, ஆரஞ்சும் சிவப்பும் அடுப்புத் தணல் மாதிரி தெரியும், வியாபாரமும் கூடியது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வெளிச்சத்தில் நீலம் குறைவு. நேவி புளூவும் கறுப்பும் எனக்கே பிரித்துத் தெரியாமல், இரண்டு தடவை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஒரு வருடத்துக்குள் கழற்றிவிட்டேன்.

இப்போது இருப்பது 4000 கெல்வின், சிஆர்ஐ 90க்கு மேல். வெளிச்சம் நிறத்தை எவ்வளவு ஒழுங்காகக் காட்டுகிறது என்பதற்கான மார்க் அது, 100தான் உச்சம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு, வாங்குகிறவர்கள் கவனியுங்கள். அந்த மார்க் வெளிறின எட்டு நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லவே இல்லை, அதற்கு ஆர்9 என்று தனி எண். 80 மார்க் வாங்கின பல்பு ஆர்9-இல் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கலாம். துணி, நூல், தக்காளி, கறி எது விற்றாலும் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள், பெட்டியில் பெரும்பாலும் போட்டிருக்காது.

குறை இல்லாமல் இல்லை. விலை பழையதைப் போல மூன்று மடங்கு, அதே வாட்டுக்கு வெளிச்சம் கொஞ்சம் கம்மி. ஆறில் ஒன்று இரண்டாம் வருடமே கண்ணடிக்க ஆரம்பித்தது. அதே கம்பெனி, அதே எண் பார்த்து வாங்கி மாட்டினால் புதுசு மட்டும் லேசாகப் பச்சை அடிக்கிறது. இனி வாங்கினால் ஸ்பேருக்கு ஒன்று சேர்த்துத்தான் வாங்குவேன். அப்புறம் வெள்ளை ஸ்வெட்டர் விஷயம் இதிலும் தீரவில்லை. வெள்ளையில் போடும் பளபளப்பு மருந்து புற ஊதாக் கதிர் பட்டால்தான் ஒளிரும், கடை எல்இடியில் அது இல்லாததால் வாசலில் பால் மாதிரி இருப்பது உள்ளே பழைய துணி மாதிரி ஆகிவிடுகிறது.

பல்பெல்லாம் பார்த்து மாற்றினேனே தவிர, தலைக்கு மேலே இருந்ததை விட்டுவிட்டேன். ஜூன் மழைக்கு வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டுவது வழக்கம். சால்வை கொண்டுவந்து கொடுக்கும் தோடர் அம்மா போன மழையில் அதற்குக் கீழே நின்றபடி, தொங்கவிட்டிருந்த தன் வேலையையே முறைத்துப் பார்த்தார். வெள்ளைத் துணியில் இழை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் போட்ட வேலை, சிவப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை, எல்லாம் ஒரே கறுப்பு. தார்ப்பாய் வழியாக இறங்குவது பெரும்பாலும் நீலம், சிவப்பு நூலுக்குத் திருப்பி அனுப்பச் சிவப்பே வந்து சேரவில்லை. நான் காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்ததால் கண் பழகி, துணி எனக்கு வெள்ளையாகத்தான் பட்டது. கண் அந்த அளவுக்குச் சரிக்கட்டும், வராத சிவப்பை அதனால் உண்டாக்க முடியாது. எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு விலைகூடக் கேட்காமல் போனார்களோ!

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சால்வையை உருவி எடுத்து மழைச்சாரலோடு ரோட்டில் நீட்டிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். மறுநாளே வெள்ளை பிளாஸ்டிக் ஷீட் வாங்கிக் கட்டினேன். சிவப்பு வந்துவிட்டது, ஒரு மூலையில் ஒழுகுகிறது.