உப்புத் தண்ணீரில் டி.என்.ஏ சென்சார்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு சின்ன தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வருகிற சாம்பிளில் பெரும்பங்கு இறால் பண்ணைத் தண்ணீர், மீதி வீட்டு போர், ஊருணி. வழக்கமான சோதனைகளோடு சேர்த்து டி.என்.ஏ நானோ சென்சார்களையும் (ஈயம், பாதரசம் போன்றவற்றை டி.என்.ஏ இழையால் கண்டுபிடிக்கும் சோதனைகள்) சில வருடமாகப் புழங்கி வருகிறோம். இதைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பதெல்லாம் 'வரப்போகிறது, புரட்சி' என்கிற ரகம். பாக் நீரிணைக் கரையில் வைத்து ஓட்டினால் எப்படி இருக்கும் என்று யாரும் எழுதவில்லை. அதனால் இது.

நாங்கள் வாங்குவது இயந்திரத்தில் எழுத்தெழுத்தாகக் கோத்த டி.என்.ஏ இழை. வரிசையைச் சொல்லி ஆர்டர் போட்டால் கூரியரில் வந்துவிடும். சரியான வரிசையில் கோத்த இழை வேலை செய்யும். ஒரு மூலக்கூறைத் தேடிப் பிடிக்கிற இழைக்கு ஆப்டமர் என்று பெயர். பிடிக்கிற வரிசையைத் தேடி எடுக்கும் முறை 1990இல் வந்தது. இன்னொரு இழையை வெட்டுகிற வகை டிஎன்ஏசைம். அமெரிக்க ஆய்வாளர்கள் பிரேக்கரும் ஜாய்ஸும் 1994இல் கண்டெடுத்த முதல் டிஎன்ஏசைம் ஈயம் இருந்தால்தான் வெட்டும். பாதரசத்துக்கு இவ்வளவு சிரமமும் வேண்டாம். டி.என்.ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று தைமின். இரண்டு தைமின் எழுத்துகள் எதிரெதிரே நின்றால் பாதரச அயனி நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜப்பானில் ஓனோவும் தோகாஷியும் 2004இல் அதையே சென்சாராக்கினார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் டி.என்.ஏ தாங்குகிறது. ஆன்டிபாடி போட்ட கிட் ஃபிரிட்ஜுக்கு வெளியே கிடந்து ஒரு தடவை கெட்டால் கெட்டதுதான். உலர்த்தி அனுப்பிய டி.என்.ஏ கூரியர் வண்டியில் இரண்டு நாள் வெந்து வந்தாலும் பிரச்சினை இல்லை. கரைத்தபின் சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி தன் வடிவத்துக்கு மடங்கிக்கொள்ளும். ஒரே ஒரு எச்சரிக்கை: டியூபின் அடியில் அது தெரிந்தும் தெரியாத ஒரு படலமாகத்தான் இருக்கும். மூடியைத் திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விடுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் காற்றில் படலமும் போகும், காசும் போகும்.

அடுத்தது தங்கம், நிறம் மாறிப் பாதரசத்தைக் காட்டும் சோதனைக்கு. கோல்டு குளோரைடு கரைசலைக் கொதிக்கவைத்து சோடியம் சிட்ரேட்டை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். வெளிர் மஞ்சள் மறையும், கொஞ்சம் கருக்கும், ஊதா தட்டும், பிறகு மாதுளைச் சிவப்பில் வந்து நிற்கும். சுமார் 13 நானோமீட்டர் துகள்கள். செய்து பார்க்க ஆசையான வேலை, அதில் சந்தேகமே இல்லை. துகள்கள் தனித்தனியாக மிதந்தால் சிவப்பு, ஒட்டிக்கொண்டால் நீலம். உப்பு போட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒற்றை இழை டி.என்.ஏ மேலே படிந்திருந்தால் ஒட்டாது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் லீயும் ராத்பெர்கும் 2004இல் இதைக் காட்டினார்கள். தைமின் நிறைந்த இழையைப் போட்டு வைத்தால், பாதரசம் வந்ததும் இழை அதைக் கட்டிக்கொண்டு மடங்கிவிடும், தங்கம் காவலில்லாமல் நிற்கும், அளந்து போட்ட உப்பில் நீலமாகும். கண்ணாலேயே பார்த்துவிடலாம், மெஷின் வேண்டாம்.

உப்பை நாம் அளந்து போடுகிறோம் என்பதில்தான் இந்தச் சோதனையின் உயிர் இருக்கிறது. எங்கள் சாம்பிள் உப்போடுதான் வருகிறது. உப்பூர், திருப்பாலைக்குடி பக்கத்து போர்த் தண்ணீரை விட்டால் பாதரசமே இல்லாமல் நீலம் தட்டுகிறது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதை விட்ட மறுநொடி டியூப் கறுக்கிறது. 50 மடங்கு நீர்க்கச் செய்தால் நிறம் நிற்கும், ஆனால் பாதரசமும் 50 மடங்கு நீர்த்துப் போகும். இந்த வகைத் தங்கச் சோதனை வெறும் கண்ணுக்குக் காட்டுவது பெரும்பாலும் 20 பிபிபி (நூறு கோடியில் 20 பங்கு) அளவில். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 அனுமதிப்பது 1 பிபிபி. அப்படியென்றால் நல்ல தண்ணீரிலேயே 'குடிக்கலாம்' என்று சான்று கொடுக்க இது லாயக்கில்லை.

இதற்கு நேரெதிரான கோளாறு ஒன்றும் உண்டு, இதைக் கிட் அட்டையில் போட மாட்டார்கள். கடல் தண்ணீரில் பாதரசம் சும்மா திரிவதில்லை, உப்பிலிருந்து வரும் குளோரைடோடு பலமாகக் கட்டுண்டு கிடக்கிறது. தைமினுக்கு அதைப் பிடுங்கி எடுப்பது கஷ்டம். எனவே ஒரே சாம்பிளில் உப்பு 'இருக்கிறது' என்று பொய் சொல்லும், குளோரைடு 'இல்லை' என்று பொய் சொல்லும். மீனில் இருப்பதோ பெரும்பாலும் மெத்தில் பாதரசம். ஆசிடில் செரிக்க வைக்காமல் இந்தச் சோதனைக்கு அது அகப்படாது. 'கடல் நீருக்கும் ஏற்றது' என்று அச்சடித்து ஒரு கம்பெனி (பெயர் வேண்டாம்) எங்களுக்கு விற்றது. எந்த உப்பு அளவில் சோதித்தீர்கள் என்று கேட்டு அனுப்பிய மெயிலுக்கு இன்னும் பதில் இல்லை.

ஈயச் சோதனையின் கதை வேறு. இதற்காகவே இந்தத் தொழில்நுட்பத்தை நான் விடாமல் வைத்திருக்கிறேன். கடலோர ஊர்களில் வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பது வீட்டு முற்றத்திலேயே நடக்கிறது. பழைய பேட்டரி ஈயத்தை உருக்குவதும் உண்டு. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பார்க்கச் சொல்லி வருவார்கள். ஈயத்துக்கான டிஎன்ஏசைமில் ஒரு முனையில் ஒளிரும் சாயம், பக்கத்தில் அதன் ஒளியை அணைத்து வைக்கும் மூலக்கூறு. ஈயம் பட்டால் இழை வெட்டுப்பட்டுச் சாயம் விலகி ஒளிரும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜிங் லீயும் யி லூவும் 2000இல் செய்த முதல் சென்சாரே சுமார் 2 பிபிபி வரை பார்த்தது. தரநிலை 10 பிபிபி. ஆக, சென்சார் தரநிலைக்குக் கீழேயும் பார்க்கிறது. கிணறு ஓரளவு நல்ல தண்ணீராக இருந்தால் வெளியே அனுப்பிச் சரிபார்த்த அளவோடு ஒத்துப்போகிறது.

இரண்டு விஷயம் கவனிக்க. அந்த முதல் சென்சார் 4 டிகிரி குளிரில் ஓட்டியது. அறைச் சூட்டில் இழைகள் பாதி அவிழ்ந்து, ஈயம் இல்லாமலே ஒளிர ஆரம்பிக்கும். 2003இல் இரண்டு பக்கமும் அணைப்பான் வைத்துச் சரிசெய்தார்கள். சித்திரை மாதத்து ராமநாதபுரத்தில் அந்தத் திருத்திய வடிவம்தான் வேண்டும், பழையதை யாராவது தள்ளிவிட்டால் வாங்காதீர்கள். அடுத்தது ஜி.ஐ. பைப். அதிலிருந்து இறங்கும் துத்தநாகத்துக்கும் இந்தச் சென்சாரில் உள்ள '8-17' என்ற டிஎன்ஏசைம் கொஞ்சம் மசியும். 'ஜிஆர்-5' என்ற இன்னொரு டிஎன்ஏசைம் வரிசை ஈயத்தைத் தவிர மற்றதை அவ்வளவாகச் சட்டை செய்யாது.

குளுக்கோமீட்டர் முறையையும் சொல்ல வேண்டும். 2011இல் யு சியாங்கும் யி லூவும் வெளியிட்டது. டி.என்.ஏவோடு இன்வர்டேஸ் என்சைமைக் கட்டி, குட்டிக் காந்த மணிகள் மேல் ஒட்டி வைக்கிறார்கள். தேடும் பொருள் வந்தால் அது கழன்று வரும், சீனிக் கரைசலைக் குளுக்கோஸாக்கும், மெடிக்கலில் வாங்கிய சர்க்கரை மெஷின் எண்ணைக் காட்டும். ஈயத்துக்கும் இதே வழி உண்டு. மோர்ப்பண்ணையில் ஒரு வீட்டில் வைத்து ஓட்டியபோது அந்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, எனக்குச் சுகர் பாக்குற மெஷினுல தண்ணிக்கு என்னத்த பாக்குற? அதுக்கும் மாத்திர குடுப்பியா?" என்றார். எண்ணை எப்படிப் படிப்பது என்று அவருக்குச் சொல்லித் தரவே தேவையில்லாமல் போனது. ஆனால் படிகள் அதிகம், காந்த மணிகளைக் கழுவும்போது கை நடுங்கினால் எண் மாறும். ஆளுக்குக் காட்ட அருமை, தினசரி வேலைக்கு ஆகாது.

இறால்காரர்கள் கேட்பது ஈயமும் இல்லை, பாதரசமும் இல்லை, இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸ். அதற்கு வைரஸின் டி.என்.ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். அல்லது லாம்ப் முறை போதும், ஆப்டமரைத் தேடிப் போக வேண்டாம். ஆன்டிபயாட்டிக் எச்சத்துக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஆப்டமர் 2008லேயே வந்துவிட்டது. சுத்தமான பஃபரில் அழகாக வேலை செய்கிறது, இறால் சதையை அரைத்த கரைசலில் ஆன்டிபாடி போட்ட எலைசா சோதனையிடம் தோற்கிறது.

டி.என்.ஏவை மடித்துச் சிரித்த முகம் செய்த அமெரிக்க ஆய்வாளர் ராத்மண்டின் 2006 ஓரிகாமியைப் பற்றியும் கேட்கிறார்கள். அது குலையாமல் நிற்க மெக்னீசியம் வேண்டும், நம் கடலில் அது தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அதே கடலில் டி.என்.ஏவைத் தின்னும் என்சைம்களும் இருக்கின்றன, பண்ணைக் குளத்தில் இன்னும் அதிகம். இந்தத் துறையின் பெரிய வெற்றிகள் செல்லுக்குள் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சென்னையில் இளங்கலை படித்த யமுனா கிருஷ்ணன் 2009இல் பெங்களூரில் செய்த ஐ-ஸ்விட்ச் என்ற டி.என்.ஏ கருவி, உயிருள்ள செல்லுக்குள் போய் அமிலத்தன்மையை அளந்தது. அங்கே உப்பு அளவை செல்லே கட்டுக்குள் வைத்திருக்கிறது.

எங்கள் அடுத்த ஆர்டரில் ஜிஆர்-5 இழை மட்டும்தான். தங்கத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் செய்து காட்ட வைத்திருக்கிறோம். பாதரசம் கேட்டு வருகிறவர்களின் சாம்பிளை ஆசிட் விட்டுப் பெரிய லேபுக்கு அனுப்பிவிடுகிறோம். இந்தக் கரையில் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள், எந்தக் கிட்டாக இருந்தாலும், விலை கேட்கும் முன் எத்தனை பிபிடி (ஆயிரத்தில் எத்தனை பங்கு) உப்பு வரை தாங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.