ஏர்வாடியா, பெரியாஸ்பத்திரியா, மதுரையா?

அக்கா மகனுக்கு 23 வயது. விசைப்படகு ஓட்டுகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பனில் படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. அந்த நாளில்தான் ஆரம்பித்தது. பத்து நாள் தூங்கவே இல்லை. விடிய விடியப் பேச்சு. வலை பின்ன வைத்திருந்த பணத்தைத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தான். "மாமா, நாலு போட் வாங்கப் போறேன், நீங்கதான் கணக்குப் பாக்கணும்" என்று ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பினான். அக்கா ஓரியூர் கோயில் சிவப்பு மண்ணை நெற்றியில் பூசிவிட்டாள். பக்கத்து வீட்டில் செய்வினை என்றார்கள். எதிர்வீட்டுக்காரர், "ஏர்வாடிக்குக் கொண்டு போங்க, அங்க போனா இறங்கிரும்" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் மூன்று இடத்துக்கும் போய்விட்டோம்: மதுரையில் ஒரு தனியார் கிளினிக், ஏர்வாடி தர்கா, ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி. மனநோய் வந்தால் எங்கே எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் கடற்கரையில் இன்றைக்கும் ஏதோ ஒரு வீட்டில் இதே கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் மதுரை. கௌரவப்பட்டவர்கள் எல்லாரும் மதுரைக்குத்தான் போவார்கள், ஊரில் யாருக்கும் தெரியாது என்பதற்காக. டாக்டர் நல்லவர்தான். அஞ்சு நிமிடம் பேசினார், ஊசி போட்டார், ஹாலோபெரிடால் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பீஸ், மாத்திரை, வண்டி எல்லாம் சேர்த்து அன்றைக்கு 3000 ரூபாய் தீர்ந்தது. பையன் முதல் ராத்திரியே தூங்கினான். பெரிய நிம்மதி.

மூன்றாம் நாள் சாயங்காலம் சோறு தின்றுகொண்டிருந்தவனுக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கண் இரண்டும் மேலே செருகிவிட்டன. நாக்கு தடித்தமாதிரி வெளியே வந்தது, பேச்சு குழறியது. ஆனால் நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அக்கா அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. "பேய்க்கு மருந்து ஒத்துக்கல, அதான் கழுத்தத் திருகுது." கூட்டத்தில் ஒருத்தர் சொன்னார், எல்லாரும் நம்பினோம். நானும் நம்பினேன். கிளினிக்குக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மாத்திரையை எல்லாம் வாய்க்காலில் கொட்டிவிட்டு விடியற்காலையில் ஏர்வாடிக்கு வண்டி ஏறினோம்.

அது பேய் இல்லை. ஹாலோபெரிடால் போன்ற மருந்தை ஆரம்பித்த முதல் சில நாட்களில் வரக்கூடிய தசை இறுக்கம் அது. இளம் ஆண்களுக்குத்தான் அதிகம் வரும். புரோமெத்தசின் ஊசி ஒன்று போட்டால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் விட்டுவிடும். ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற சின்ன மாத்திரையும் இதற்குத்தான். பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் ராத்திரிக்குள் சரியாகியிருக்கும். "இப்படி வந்தா பயப்படாதீங்க, இன்னது செய்யுங்க" என்று ஒரு வரி அந்த கிளினிக்கில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த ஒரு வரி இல்லாததால் எட்டு மாதம் மருந்தில்லாமல் போனது. மனநோய் மருந்து படாமல் எவ்வளவு நாள் ஓடுகிறதோ, திரும்பி வருவது அவ்வளவு கஷ்டம் என்று பிறகு தெரிந்துகொண்டபோது என் வயிறு கலங்கியது.

அடுத்து ஏர்வாடி. சுல்தான் சையது இப்ராகிம் பாதுஷாவின் தர்கா அது. கீழக்கரை தாண்டிப் போக வேண்டும். எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள், கேரளாவில் இருந்து நிறையப் பேர். பாம்பன் மாதா கோயில்காரர்களான எங்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. விளக்கு எண்ணெய் தடவிவிட்டார்கள், ஓதின தண்ணீர் கொடுத்தார்கள். கனவில் பாதுஷா உத்தரவு கொடுக்கும்வரை தங்க வேண்டும் என்பது அங்கே நம்பிக்கை. அதனால் சிலர் மாதக்கணக்கில் இருக்கிறார்கள், சிலர் வருடக்கணக்கில்.

அங்கே எங்களுக்கு என்ன கிடைத்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பக்கத்துப் பாயில் திருச்சூர்க்காரம்மா ஒருவர், மகளை வைத்துக்கொண்டு இருந்தார். சாயங்காலம் ஆனால் மகளுக்குத் தலைசீவி, எண்ணெய் தேய்த்து, பின்னல் போட்டுவிடுவார். மகள் அடிப்பாள், திட்டுவாள். அவர் பாட்டுக்குச் சீவுவார். வந்த இரண்டாம் நாள் அக்காவுக்குக் கஞ்சியை ஊற்றிக் கையில் கொடுத்து, "நீ முதல்ல குடி, அவன நான் பாத்துக்கறேன்" என்றார். அக்கா அன்றைக்குப் பகலில் நாலு மணி நேரம் தூங்கினாள். ஒரு மாதத்தில் அவள் தூங்கிய முதல் தூக்கம். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஒரு சீட்டு உண்டு. தாய்க்கு எந்தச் சீட்டும் இல்லை. ஏர்வாடியில் தாய்க்கும் ஒரு பாய் இருக்கிறது. இந்த இடத்தில் தர்காதான் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் பின்தொடர்ந்து பார்த்து 2002இல் எழுதினார்கள். கோயிலில் மருந்து எதுவும் கொடுப்பதில்லை. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். அறிகுறிகளின் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. மிரட்டல் இல்லாத, ஆதரவான இடமாக இருந்ததுதான் காரணம் என்றார்கள். அந்த 20 சதவீதத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். அக்காவின் முகத்திலேயே அதைப் பார்த்தேன்.

ஆனால் மீதி இருக்கிறதே. என் மருமகனுடைய வேகம் மூன்றாம் மாதம் தானாக இறங்கியது, "பாருங்க, இறங்கிருச்சு" என்றார்கள். இருதுருவ மனநோய்க்கு அது சகஜம். ஏறும், சில மாதத்தில் இறங்கும், திரும்ப ஏறும். இறங்கியபோது சாதாரண நிலையில் நிற்கவில்லை. பேச்சே இல்லாமல், சுவரைப் பார்த்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ஒருநாள் கடலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். நல்லவேளை, கூட இருந்த ஒருவர் பார்த்துவிட்டார். காவல் வேண்டும், கட்டிப் போடலாமா என்று அன்றைக்கு ஒருவர் கேட்டார்.

இந்த மண்ணில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அதன்பிறகுதான் அப்படிப்பட்ட காப்பகங்களை அரசு மூடியது, உச்ச நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது. 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், 95ஆம் பிரிவில், மனநோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. வீடு, தர்கா, கோயில், காப்பகம், எங்கேயானாலும் சங்கிலியை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால் அந்த நிமிடமே கிளம்பிவிடுங்கள்.

கடைசியில் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி. இப்போது அது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் ஒன்று. மனநல ஓபி என்று கேட்டால் காட்டுவார்கள். கூட்டம் உண்டு, காத்திருக்க வேண்டும், பெஞ்சு போதாது. ஆனால் மூன்று இடத்தில் இங்கே மட்டும்தான் ஒருவர் உட்கார்ந்து முதலில் இருந்து கதை கேட்டார். எத்தனை நாள் தூங்கவில்லை, இதற்கு முன்னால் இப்படி இருந்ததா, அப்பா வழியில் யாருக்காவது, குடி உண்டா, தலையில் அடிபட்டதா, வலிப்பு வந்ததா. அப்புறம் ரத்தம் எடுத்தார்கள்.

அந்த ரத்தம் எடுத்ததில்தான் ஆஸ்பத்திரியின் பலம் இருக்கிறது. புத்தி தடுமாறுவது எல்லாம் மனநோய் இல்லை, எல்லாம் பேயும் இல்லை. தைராய்டு குறைந்தவள் மாதக்கணக்கில் எழுந்திருக்காமல் படுத்துக் கிடப்பாள். தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டால் சரியாகும். வயதானவருக்கு ரத்தத்தில் உப்பு குறைந்தால், காய்ச்சல் முற்றினால், திடீரென்று ஆள் தெரியாமல் பிதற்றுவார். நம் பெரியவர்கள் அதற்குச் சன்னி என்று சரியாகவே பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளை பெற்று இரண்டு வாரத்துக்குள் ஒரு பெண் தூங்காமல், பிள்ளையை வேறு மாதிரி பார்த்தால், அது அவசர நிலை. தாயையும் பிள்ளையையும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

குடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எங்கள் கரையில் அது அதிகம். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவனைப் புனிதமான இடத்துக்குக் கூட்டிப்போகிறோம், அங்கே குடி இல்லை, பட்டென்று நின்றுவிடுகிறது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், சுவரில் பூச்சி ஓடுகிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்பான். பார்க்கிறவர்களுக்குப் பேய் ஆடுகிறது என்றுதான் தோன்றும். குடி நின்றதால் வருகிற சன்னி அது. உயிரையே வாங்கும். தயமின் என்ற வைட்டமினும் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் படுக்கையில் வைத்துக் கொடுக்க வேண்டும். இதில் மட்டும் தர்காவா ஆஸ்பத்திரியா என்று யோசிக்க நேரமே கிடையாது.

அப்படியானால் ஏர்வாடிக்குப் போகக் கூடாதா? போகலாம் என்பதுதான் என் முடிவு, மாத்திரையோடு. தர்காவிலேயே வேண்டுதலும் மருந்தும் சேர்ந்து கிடைக்கட்டும் என்று அரசு தவா-துஆ என்ற ஏற்பாட்டை அங்கே கொண்டுவந்ததும் அதற்காகத்தான். உத்தரவுக்குக் காத்திருங்கள், ஆனால் காலை மாத்திரையைக் காத்திருக்க வைக்காதீர்கள். முதலில் பெரியாஸ்பத்திரி, என்ன நோய் என்று பெயர் தெரிந்தபிறகு தர்கா. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நாங்கள் மாற்றினோம்.

மதுரையா ராமநாதபுரமா என்றால் எனக்கு இப்போது ராமநாதபுரம்தான். மருந்து இலவசம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் தூரம். மனநோய்க்கு ஒருமுறை போய் வந்தால் முடிவதில்லை. மாதாமாதம் போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஏற வேண்டுமென்றால் மூன்றாம் மாதம் நின்றுவிடும், எல்லார் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. படுக்கையில் சேர்த்துப் பார்க்க வேண்டிய கடுமையான நிலை, முதல் மருந்துக்கு எதுவும் கேட்காத நிலை என்றால் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம். பணம் கிடையாது.

என் மருமகன் இப்போது லித்தியம் சாப்பிடுகிறான், அந்த ஏற்ற இறக்கத்தை அடக்கும் மாத்திரை. கடலுக்குப் போகிறவனுக்கு அதில் ஒரு தனிக் கவனம் வேண்டும். லித்தியம் ரத்தத்தில் 0.6இல் இருந்து 1.0 வரை இருக்க வேண்டும்; 1.5ஐத் தாண்டினால் விஷம். வெயிலில் வேர்த்து உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றினால் அளவு ஏறும். வலை இழுத்த உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் மாத்திரையும் ஏற்றிவிடும். அதனால் அவன் படகில் தண்ணீர்க் கேன் ஒன்று தனியாகப் போகிறது, வலி மாத்திரை போவதில்லை. லித்தியம் அளவு பார்க்கும் வசதி எல்லா லேபிலும் இல்லை; முன்னாடியே கேட்டுவைத்துக்கொள்கிறோம். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடாமல், ரத்தம் கொடுக்க வேண்டும்.

போன மாசி மாதம் கரைக்கு வந்தவன் நடை தள்ளாடியது. கை நடுங்கியது, வயிற்றால் போனது. "குடிச்சிட்டு வந்திருக்கான்" என்றார்கள் படகுத்துறையில். அக்கா வாயைக் கூட முகர்ந்து பார்க்கவில்லை. ஆட்டோவைப் பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், "லித்தியம் சாப்பிடுற பையன், ரத்தம் எடுங்க" என்றாள்.