ஸ்ரிக்கரும் போல்ஸும்: யாழ்ப்பாண வீதியில் மவுண்டன் சைக்கிள் பாவனை

பெயரில் மட்டும் மலை வைத்திருக்கிற கீரிமலையை விட்டால் யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. என்றாலும் ரியூசனுக்குப் போகிற பிள்ளை கேட்பது மவுண்டன் சைக்கிள்தான். வாங்கிக் கொடுக்கிற தகப்பன் முதலில் பார்ப்பது பிறேமில் ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கர். ரலி, ஹம்பர், லுமாலா என்று பெயர் சொல்லியே சைக்கிளை மதித்த ஊர் இது. அந்தப் பழக்கம் இலகுவில் போகாது.

பழக்கத்தையும் குறை சொல்ல முடியாது. ரலி இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் செய்யப்பட்ட காலத்தில் பெயர் என்றால் அந்தத் தொழிற்சாலை, அந்த இரும்பு, அந்தப் போல்ஸ் (சில்லு உராயாமல் சுழல உள்ளே போடுகிற இரும்புக் குண்டுகள்). 2002 இல் அங்கே உற்பத்தி நின்றது. 2012 இல் நெதர்லாந்தின் அக்செல் குழுமம் பெயரை வாங்கியது. கனடாவிலிருந்து மாமாமார் அனுப்பி வைக்கிற அமெரிக்க ஸ்வின்னுக்கும் இதே கதைதான்: 1992 இல் வங்குரோத்தாகி, 2001 இல் பசிபிக் சைக்கிள் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறி, பிறகு பெரிய பல்பொருள் கடைகளில் மலிவு விலைக்கும் வந்த பெயர். மறுபக்கம், 1972 இல் தைவானில் தொடங்கிய ஜயன்ற் முதலில் மற்றவர்களுடைய பெயருக்குச் சைக்கிள் செய்து கொடுத்துத்தான் வளர்ந்தது. ஆகவே ஸ்ரிக்கர் சொல்வது யார் விற்கிறார் என்பதை. யார் செய்தார், உள்ளே என்ன போட்டார் என்பதற்குச் சைக்கிளைத்தான் பார்க்க வேண்டும்.

பெயர் எப்படித் தீர்ப்பை மாற்றுகிறது என்பதற்குப் பின் சில்லு நல்ல உதாரணம். மலிவான மவுண்டன் சைக்கிள்கள் பெரும்பாலும் ஏழு பல்லு பிறீவீலோடு, அதாவது பின் சில்லில் ஏழு பற்சக்கரம் சேர்ந்த ஒரு கட்டோடு, வருகின்றன. பெயர் பெற்ற நிறுவனங்களின் அடிமட்ட மொடல்களிலும் இது உண்டு, அதில் ஓடுவதும் ஷிமானோ நிறுவனத்தின் அதே மலிவு வரிசையான ரூர்னி கியர்தான். பிறீவீல், சில்லின் நடுவிலுள்ள ஹப்பில் திருகி ஏறுவதால், வலப்பக்கப் போல்ஸ் பிறேமிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி நிற்கும். அந்த இடைவெளியில் 10 மில்லிமீற்றர் அக்சில் (சில்லின் நடுத்தண்டு) தாங்கலில்லாமல் கிடக்கிறது. கரியர் பூட்டி, டபிள் ஏற்றி, தார் உடைந்த பள்ளத்தில் இறக்கினால் அது வளையும். இன்னும் கொஞ்ச நாளில் முறியும். பெயரில்லாத சைக்கிளில் நடந்தால் "சீனச் சாமான், இதுதான்" என்பார்கள். பெயருள்ளதில் நடந்தால் "பாரம் கூடிப்போச்சு" என்பார்கள். இரண்டிலும் முறிந்தது ஒரே வகை அக்சில், ஒரே காரணத்துக்கு.

பற்சக்கரங்கள் திருகாமல் ஹப்பின் மேலேயே செருகி ஏறுகிற கசெற் ஹப் என்றால் வலப்பக்கப் போல்ஸ் பிறேமை ஒட்டி வெளியே வந்துவிடும். ஏழு பல்லா, எட்டா என்று எண்ணுவதை விட, பின் சில்லு கசெற்றா பிறீவீலா என்று கடையில் கேட்பது பத்து மடங்கு பயன் தரும். ஆனால் கேட்பவர் குறைவு.

அடுத்தது கவனிப்பு. விலை கூடிய பெயர் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடைக்குப் போகும், மழையில் நிற்காது. பெயரில்லாதது மதிலோரம் நனையும். இரண்டு மாரி கழிந்து இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி "பார், பெயர் பெயர்தான்" என்றால் அந்த ஒப்பீட்டில் நியாயம் இல்லை. பண்ணைப் பாலத்தால் வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் தினமும் போய்வருகிற சைக்கிளுக்கு, என்ன பெயர் என்றாலும், உப்புக் காற்று செயினையும் பிறேக் கேபிளையும் தின்னும். செயினை ஓர் அடிமட்டத்தால் அளந்து பார்க்கலாம். இழுத்துப் பிடித்து ஓர் ஆணியின் நடுவிலிருந்து இன்னோர் ஆணியின் நடுவரை 24 கொழுவிக்குச் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். 12 அங்குலமும் பதினாறில் ஒன்றும் என்றால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒன்று கூடிவிட்டால் செயினோடு பிறீவீலும் போகும், புதுச் செயின் பழைய பல்லில் துள்ளும்.

மலிவுச் சைக்கிளை வாங்கிய முதல் மாதமே ஹப்பைத் திறப்பது நல்லது. தொழிற்சாலையில் வைத்த கிறீஸ் பெரும்பாலும் போதாது, சிலவேளை கோன் (போல்ஸை அழுத்திப் பிடிக்கிற கூம்பு நட்டு) இறுகியும் இருக்கும். பின் ஹப்பில் பொதுவாக ஒரு பக்கத்துக்கு கால் அங்குலப் போல்ஸ் 9, முன்னில் பதினாறில் மூன்று அங்குலம் 10. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, கிண்ணம் நிறையக் கிறீஸ் வைத்து, போல்ஸை எண்ணி அடுக்குங்கள். கோனை விரலால் முட்டும்வரை திருகி, மிகச் சிறிது பின்வாங்கி, கோன் ஸ்பனரால் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இறுக்குங்கள். அக்சிலைச் சுழற்றினால் மணல் அரைபடுவது போல உணர்ந்தால் இறுக்கம் கூட. சில்லைப் பக்கவாட்டில் அசைத்து டக் என்றால் தளர்வு. அரை நாள் வேலை. இதைச் செய்த பெயரில்லாத சைக்கிளும், செய்யாத பெயருள்ள சைக்கிளும் ஓடுகிற விதத்தில் பெயரைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பெயருக்கு மதிப்பே இல்லை என்றில்லை. பிறேம் நேராக இருக்கும், ஒட்டு சுத்தமாக இருக்கும், ஆளின் உயரத்துக்கு அளவுகள் கிடைக்கும். ஆனால் அதே பெயர் இங்கே இன்னொரு விதத்தில் சிரமம் தரும். பின் கியர் தொங்குகிற சின்ன அலுமினியத் துண்டு, ஹாங்கர் என்பது, மொடலுக்கு மொடல் வேறு. சைக்கிள் வலப்பக்கம் சரிந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான், அப்படித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. லண்டனிலிருந்து வந்த சைக்கிளுக்கு அந்தத் துண்டை யாழ்ப்பாணக் கடைத்தெருவில் தேடி அலைய வேண்டும். அனுப்புகிறவரிடம் கூடவே இரண்டு ஹாங்கர் போடச் சொல்லுங்கள்.

ரயரிலும் இதே பொறி உண்டு. 26 என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றென்று நினைக்க வேண்டாம். மவுண்டன் ரயரின் ஓரத்தில் 559 என்று இருக்கும், அது ரயர் ரிம்மில் உட்காருகிற விட்டம், மில்லிமீற்றரில். பழைய 26 x 1 3/8 சைக்கிளில் 590. ஒன்று மற்றதில் ஏறாது. 27.5 என்றால் 584, 29 என்றால் 622. ரியூப்பைத் தேடி அலைவதற்குத் தயாராக இருங்கள். நெருஞ்சி முள்ளுக்கு எந்தப் பெயரும் பொருட்டில்லை. தோட்டக்கரை ஒழுங்கைகளில் ஓடுபவர் பழைய ரியூப்பை வெட்டி உள்ளே ஒரு வரிசை போட்டால் பஞ்சர் குறையும், பாரம் கொஞ்சம் கூடும்.

சொக் (குலுக்கலைத் தாங்குகிற ஸ்பிறிங் பாகம்) பற்றிச் சுருக்கமாக: மலிவான முன் சொக் இரண்டரைக் கிலோ அளவு, உப்பில் துரு ஏறும், சோளகக் காற்றுக்கு எதிரே மிதிக்கும்போது ஒவ்வொரு மிதியிலும் கொஞ்சத்தை விழுங்கும். பின்னுக்கும் சொக் உள்ளதை இந்த ஊருக்கு வாங்க ஒரு காரணமும் தெரியவில்லை, போட்டோவுக்கு எடுப்பாக இருப்பதைத் தவிர.

பழைய சைக்கிள் வாங்கப் போனால் முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், டக் என்றால் அங்கே தளர்வு. பின் சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிறீவீலைக் கவனியுங்கள். தட்டுத் தட்டாக ஆடிச் சுற்றினால் அக்சில் வளைந்திருக்கலாம். விற்பவர் அந்த நேரத்தில் பெரும்பாலும் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.