பிளேரைட் எம்சிபி: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிய வந்தவை

ஏஐ உதவியாளருக்குப் பிரவுசரைத் திறந்துவிட, சொந்தக் கணினியிலேயே ஓடும் ஒரு சின்ன சர்வர் போதும். ஏஐ உதவியாளரை வெளிக் கருவிகளோடு இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில் இப்படிப்பட்ட சர்வர்கள் பல வந்துவிட்டன. அன்றாட வேலைக்கு மைக்ரோசாஃப்டின் பிளேரைட் எம்சிபிதான் நிற்கிறது. இணையதளம் உருவாக்குபவர்கள் கூகுளின் குரோம் டெவ்டூல்ஸ் எம்சிபியைப் பார்க்கலாம்.

சர்வரை ஓட்டும் மென்பொருளான நோட் ஜேஎஸ் 18 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். உதவியாளர் செயலியின் அமைப்புக் கோப்பில் சர்வரின் பெயரையும் அதைத் தொடங்கும் கட்டளையையும் சேர்த்து, செயலியை முற்றாக மூடித் திறக்க வேண்டும். ஜன்னலை மட்டும் மூடினால் பழைய அமைப்பே ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸில் சர்வர் எழும்பாவிட்டால், அதைத் தொடங்கும் என்பிஎக்ஸ் கட்டளையை சிஎம்டி (விண்டோஸின் கட்டளை ஜன்னல்) வழியாக அழைத்துப் பாருங்கள்.

பிளேரைட் எம்சிபியின் பலம், பக்கத்தைப் படம் பிடிக்காமல் அதன் அணுகல் மரத்தை (பக்கத்தில் உள்ளவற்றின் வகையும் பெயரும் கொண்ட பட்டியல்) எழுத்தாகப் படிப்பது. பட்டன், பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெண் கிடைக்கிறது. பெயர்கள் தளத்தின் மொழியிலேயே வரும். ஆகவே மலேசிய அரசுத் தளங்களில் வேலை சொல்லும்போது "லோக் மாசோக்" (உள்நுழை), "ஹந்தார்" (அனுப்பு) என்று மலாய்ச் சொல்லையே கொடுத்தால் தடுமாற்றம் வெகுவாகக் குறையும். "ஹந்தார், பாயார், பாடாம் மூன்றையும் என்னைக் கேட்காமல் அழுத்தாதே" (பாயார் என்றால் பணம் செலுத்து, பாடாம் என்றால் அழி) என்ற வரியைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அனுப்பிய படிவத்தைத் திரும்பப் பெறுவது எளிதல்ல.

தடுமாறும் இடம் தேதிக் கட்டம். கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயில் நேரம் பார்க்கச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாட்காட்டியின் கட்டங்களுக்கு முறையான பெயர் இல்லாவிட்டால் உதவியாளர் வெறும் எண்களைத்தான் காணும். இந்த மாதத்து 5ஆ, அடுத்த மாதத்து 5ஆ என்று குழம்பும். மாதம் மாறியதும் பழைய குறியெண்களும் செல்லாது. மாதம் மாற்றியபின் பக்கத்தை மீண்டும் படி, தேர்ந்த தேதியைச் சொல்லிக் காட்டு என்று பிரித்துச் சொன்னால் சரியாக வரும்.

எல்லாவற்றிலும் முக்கியம் புரொஃபைல், அதாவது பிரவுசர் தன் தகவல்களைச் சேமிக்கும் கோப்புறை. பிளேரைட் எம்சிபி தனக்கென ஒன்றை வைத்துக்கொண்டு, நீங்கள் உள்நுழைந்த கணக்குகளை அதில் நினைவில் வைக்கும். எதுவும் தங்கக் கூடாதென்றால் தனிமை முறையில் தொடங்குங்கள். ஒரே புரொஃபைலை இரண்டு உரையாடல்கள் ஒரே நேரத்தில் கேட்டால், பிரவுசர் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற பிழை வரும். ஏற்கெனவே திறந்திருக்கும் குரோமை 9222 போர்ட் (வேறு செயலி அதை இயக்க நுழையும் வாசல்) வழியாக இணைக்க முயல்வோர் கவனிக்க: 136ஆம் பதிப்பு முதல் வழக்கமான புரொஃபைலுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது, வேறு கோப்புறை காட்ட வேண்டும். குக்கி (உள்நுழைவை நினைவில் வைக்கும் சிறு தகவல்) திருட்டைத் தடுக்கவே இந்த மாற்றம், நல்லதுதான்.

வங்கிக் கணக்கை அந்தப் புரொஃபைலில் திறக்கவே வேண்டாம். ஒரு பக்கத்தில் மறைத்து எழுதிய வரிகளையும் உதவியாளர் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். அனுமதித்த தளங்களின் பட்டியல் கொடுக்க வசதி உண்டு, ஆனால் அதைப் பாதுகாப்பு அரணாக நம்பக் கூடாது. சர்வரைப் போர்ட்டில் ஓட்டினால் முகவரி 127.0.0.1 (உங்கள் கணினி மட்டும்) ஆகவே இருக்கட்டும். 0.0.0.0 என்று மாற்றினால், அதே வைஃபையில் உள்ள வேறு கணினியும் உங்கள் பிரவுசரை எட்டிவிட முடியும்.