வாக்கிங் ஆப்பில் 'அணி' பொத்தான்: எட்டு மாத அனுபவம்

பிழை திருத்துவது என் தொழில். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் தண்ணீர் பாட்டில் காலியாகும்போதுதான் எழுந்திருப்பேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "நடங்க, முதல்ல நடங்க" என்றார். தம்பிதான் இந்த ஆப்பை என் போனில் ஏற்றிக் கொடுத்தான். எட்டு மாதம் ஆகிறது. கொஞ்சம் திட்டப் போகிறேன் என்பதால் ஆப்பின் பெயர் வேண்டாம்.

காலடி எண்ணுவதில் இதற்கும் மற்றவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போன் பையில் இருந்தால் ஒழுங்காக எண்ணும். கையில் பிடித்துப் படித்துக்கொண்டே நடந்தால் சிலதை விட்டுவிடும். ஒரு நாளைக்கு 10,000 அடி என்று இலக்கைப் போட்டே வருகிறது. அது ஆராய்ச்சி செய்து கண்ட எண் ஒன்றும் இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மீட்டர், என்று பெயர் வைத்தார்கள். அந்த எண் அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் முதல் வேலையாக அதை 6,000 ஆக்கினேன். முதல் மாதம் தனியாக நடந்ததில் சராசரி 3,900. ஆப் அனுப்பும் நினைவூட்டலைப் பார்க்காமலே தள்ளிவிடவும் பழகிவிட்டேன்.

அப்புறம் 'அணி' பொத்தானை அழுத்தினேன். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அந்தப் பொத்தானைப் பற்றித்தான்.

அழுத்தியதும் ஆப் நம்மைக் கேட்காமலே குலுக்கிப் போட்டு ஒரு நிறத்தைக் கொடுக்கும். எனக்குப் பச்சை. 12 பேர், முகம் கிடையாது, பட்டப்பெயர் மட்டும். எதிரில் நீலம், அவர்களும் குலுக்கலில் விழுந்தவர்கள்தான். இதெல்லாம் தெரிந்தும், நாலாவது நாளே "இந்த நீலக்காரங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்று நான் புலம்ப, தம்பி சிரித்தான். "அக்கா, அவங்க யாருன்னே உனக்குத் தெரியாதே!"

தெரியவே வேண்டாம் என்று ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் எப்போதோ காட்டிவிட்டார். 1971-ல் வெளியான அவருடைய சோதனையில், பிரிட்டனின் பள்ளிப் பையன்களிடம் க்ளீ, காண்டின்ஸ்கி இருவரின் ஓவியங்களைக் காட்டி, யாருடையது பிடித்திருக்கிறது என்பதை வைத்துப் பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். தன் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பையன்களுக்குத் தெரியாது. அப்படியும் காசு பங்கிடச் சொன்னபோது தங்கள் பக்கத்துக்குக் கூடக் கொடுத்தார்கள். இன்னும் ஒன்று: தங்கள் பக்கத்துக்குக் கிடைப்பது குறைந்தாலும் சரி, அந்தப் பக்கத்தைவிட வித்தியாசம் பெரிதாக இருக்கட்டும் என்ற சாய்வும் அவர்கள் கணக்கில் தெரிந்தது. ஒரு மழை நாளில் எங்கள் பச்சை மொத்தமாகச் சரிந்தது, நீலம் எங்களைவிட மோசமாகச் சரிந்தது. நான் அன்றைக்கு நடந்தது 1,100 அடி. ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாகத் தூங்கினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்த அணியில் 12 பேரின் அடியையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டுவார்கள். முதல் வாரம் 7,000-க்கு மேல் நடந்தேன். மூன்றாவது வாரம் 4,500. என் 500 அடி குறைந்தால் அந்தப் பெரிய எண்ணில் யாருக்குத் தெரியப்போகிறது? கயிறு இழுக்கவைத்து அளந்த மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913-லேயே இதை எழுதியிருக்கிறார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால், எட்டுப் பேரின் தனித்தனி பலத்தைக் கூட்டியதில் பாதிதான் தேறுகிறதாம். ஆப்பின் செட்டிங்ஸுக்குள் 'தனி எண்ணிக்கையைக் காட்டு' என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. அணியில் யாரோ அதைத் திறந்துவிட்டார்கள். மறுநாளே எனக்குக் கால் முளைத்துவிட்டது.

இனி திட்டு. சந்தேகமான கணக்கு வந்தால் ஆப் அதை அணியின் ஓட்டுக்கு விடுகிறது. எங்கள் ஆள் ஒருவர் ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் 31,000 அடி நடந்திருந்தார். ஓடினால்கூட வராத கணக்கு. யார் என்ன போட்டார்கள் என்பது பட்டப்பெயரோடு வரிசையாகத் தெரியும். நான் திறந்தபோது எட்டுப் பேர் 'செல்லும்' என்று போட்டிருந்தார்கள். தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். விரலை 'செல்லாது' மேல் கொண்டுபோய், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, 'செல்லும்' என்று அழுத்தினேன். "அந்தப் போனில் ஏதாவது கோளாறாக இருக்கும், பாவம்" என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

பத்து நிமிடம் கழித்து ஒருவர் 'செல்லாது' என்று போட்டார். உடனே மூன்று பேர் ஓட்டை மாற்றினார்கள். இரண்டாவது ஆள் நான்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் கோடுகளை வைத்துச் செய்த சோதனைகளும் இதைத்தான் சொல்கின்றன. கண்ணுக்கு நேராகத் தெரியும் கோட்டின் நீளத்தை முன்னால் இருக்கும் எல்லோரும் தப்பாகச் சொன்னால், நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது அதோடு ஒத்துப்போனார்கள். உண்மையைச் சொல்ல ஒரே ஒருவர் கூட இருந்துவிட்டால் தப்பான பதில்கள் கால் பங்காகக் குறைந்தன. பதிலை ரகசியமாக எழுதச் சொன்னபோதும் வெகுவாகக் குறைந்தன. ஆப்காரர்கள் யார் என்ன ஓட்டுப் போட்டார்கள் என்பதைக் கடைசிவரை மறைத்துவைத்தால் போதும். இரண்டு தடவை எழுதிவிட்டேன், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது.

இந்த ஆப்பில் உருப்படியான விஷயம் ஐந்து பேர் அணி. சராசரி கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பவர்களைப் பார்த்துச் சேர்க்கிறது. யார் அடி அன்றைக்குக் குறைவோ அதுதான் அணியின் மதிப்பெண். பெரும்பாலும் அந்தக் கடைசி ஆள் நான்தான். 1920-களில் பெர்லின் படகோட்டிகளை ஜோடி சேர்த்து எடை தூக்கவைத்தார் ஓட்டோ கோலர் என்ற உளவியலாளர். ஒருவர் விட்டால் இருவருக்கும் முடிந்தது என்ற நிலையில், பலம் குறைந்தவர் தனியாகத் தாக்குப்பிடித்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். பலத்தில் வித்தியாசம் ரொம்பப் பெரிதாகவும் இல்லாமல், இல்லவே இல்லை என்றும் இல்லாமல் இருந்தால்தான் இது நன்றாக வேலை செய்தது. ஆப்பை எழுதியவர்களில் யாரோ இதைப் படித்திருக்க வேண்டும். என் சராசரி இப்போது 7,400. ராத்திரி 11:40-க்குக் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் 600 அடி நடந்திருக்கிறேன். அம்மா விழித்து, "என்னடி தொலைச்சே?" என்று கேட்டார்.

ஆனால் கணுக்கால் பிசகிய வாரமும் நடந்தேன். நாலு பேருக்கு மதிப்பெண் போய்விடுமே என்று, வீக்கத்தோடு. 'இன்று உடம்பு சரியில்லை' என்று ஒதுங்க ஒரு வழியும் இந்த ஆப்பில் இல்லை. மூன்றாம் நாள் உரையாடல் பெட்டியில் விஷயத்தைச் சொன்னேன். அரை மணி நேரத்தில் இன்னொருவர் தனக்கு இரண்டு வாரமாக முழங்கால் வலி என்று எழுதினார்.

5-க்கு 3.5 கொடுக்கலாம். தனியாகவே ஒழுங்காக நடக்கிறவர்களுக்கு இது தேவையில்லை. வேண்டும் என்றால் 12 பேர் அணியைத் தொடாமல் நேராக ஐந்துக்குப் போங்கள். நான் வருடச் சந்தா கட்டவில்லை, மூன்று மாதத்துக்கு மட்டும் நீட்டித்திருக்கிறேன். அதற்குள் கணுக்காலுக்கு ஒரு பொத்தான் வருகிறதா பார்ப்போம்.