ஆங்கிலத்தில் எழுதக் கற்பித்தல்: பள்ளி வகுப்பும் ஐஈஎல்டிஎஸ் பயிற்சி மையமும்

தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதிப் பழகும் இடங்களில் இரண்டை ஒப்பிடுவோம்: 40 பேர் உள்ள பள்ளி வகுப்பு, பத்துப் பேர் சேரும் ஐஈஎல்டிஎஸ் (வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வு) பயிற்சி மையம்.

பள்ளியில் முட்டுக்கட்டை திருத்தும் நேரம். நோட்டுக்கு 5 நிமிடம் என்றாலும் 40 நோட்டுக்கு 200 நிமிடம் ஆகும். கடைசியில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட, பிள்ளைகள் பார்த்தெழுதுவதில் போய் முடிகிறது. அதில் சொந்தமாக ஒரு வாக்கியம்கூட பிறக்காது.

நான்கு பேருக்கு ஒரு தாள் கொடுங்கள். பத்துத் தாள்தான், 50 நிமிடத்தில் திருத்திவிடலாம். ஒரு படத்தைக் காட்டி முதல் 10 நிமிடம் தமிழிலேயே பேசவிடுங்கள். அதில் கிளம்பும் சொற்களுக்கு ஆங்கிலத்தைப் பலகையில் எழுதுங்கள். பிறகு 15 நிமிடத்தில் ஆறு வாக்கியம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பேனா கைமாற வேண்டும். இல்லாவிட்டால் நன்றாக எழுதும் ஒரு பிள்ளையே முழுத்தாளையும் முடித்துவிடும்.

திருத்தும்போது வாரத்துக்கு ஒரு வகைப் பிழை போதும். 'அவர் டாக்டர்' என்பது தமிழில் முழு வாக்கியம். அந்தப் பழக்கத்தில் 'ஹி டாக்டர்' என்று எழுதுவார்கள். 'இஸ்', 'எ' இரண்டுமே விடுபட்டிருக்கும். அந்த வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போடுங்கள். விடுபட்டதைக் குழுவே தேடித் திருத்தி, மறுபடி எழுதட்டும். தாள் முழுக்கச் சிவப்பு மை இருந்தால் எதைக் கவனிப்பது என்றே பிள்ளைக்குத் தெரியாது.

பயிற்சி மையத்தில் நிலைமை வேறு. ஆள் குறைவு, தனித்தனியாகத் திருத்த முடியும். ஆனால் தேர்வுத் தேதி நெருக்கும். எழுத்துத் தேர்வில் 60 நிமிடத்தில் இரண்டு பகுதி: முதலாவது குறைந்தது 150 சொல், இரண்டாவது 250. இரண்டாவதற்கு இரு மடங்கு மதிப்பு என்பதால் அதற்கு 40 நிமிடம் ஒதுக்குவது சரி: 5 திட்டமிட, 30 எழுத, 5 சரிபார்க்க.

இங்கே பெரிய கேடு மனப்பாட வார்ப்புதான். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முன்னுரை, கேட்ட கேள்விக்குப் பதிலாகாது; தேர்வாளர் எளிதில் கண்டுகொள்வார். 'காரணம் என்ன, தீர்வு என்ன' என்று கேட்டிருக்க, காரணத்தை மட்டும் எழுதிவிட்டு வருபவர்களும் உண்டு. உயர்கல்விக்குப் போகிறவர்கள் எழுதும் அகாடமிக் தேர்வின் முதல் பகுதியான வரைபடப் பகுதியில் எண்களை வரிசையாக அடுக்கி, ஒட்டுமொத்தப் போக்கைச் சொல்லும் வரியை விட்டுவிடுவார்கள். கேட்டதை நிறைவேற்றினார்களா என்று பார்க்கும் அளவுகோலில் அந்தப் பகுதியின் மதிப்பெண் 9-க்கு 5-ஐத் தாண்டாமல் நிற்க இந்த ஒரு குறையே போதும்.

இலக்கணத் திருத்தச் செயலிகள் வீட்டில் சரிபார்க்க உதவும். வாதம் கேள்விக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க அவற்றை நம்பக்கூடாது.

வாக்கியமே தடுமாறுபவரை நேராகப் பயிற்சி மையத்துக்கு அனுப்புவது வீண்செலவு. முதலில் பள்ளி முறைதான், வயது எதுவானாலும். ஒரு பத்தியைத் துணையின்றி எழுத வந்தபின் மையத்தில் சேரலாம். சேரும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: திருத்திக் கொடுத்த கட்டுரையை அங்கே மறுபடி எழுத வைக்கிறார்களா?